வீட்டு வளவில் தேனீக் கூடு: கலைக்கும் முன்னும் கலைத்த பின்னும் செய்ய வேண்டியவை

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மதிலடியில், நீர்மானியை மூடி வைத்திருக்கும் சீமெந்துப் பெட்டி ஒன்று உண்டு. பங்குனி மாதத்தில் ஒரு காலை, மானி வாசிக்க வந்தவர் அதன் மூடியைச் சற்றே தூக்கியதும் கையை உதறிக்கொண்டு வீதிக்கு ஓடினார். "தம்பி, குளவி கட்டியிருக்கு, மண்ணெண்ணெயை ஊத்திக் கொளுத்துங்கோ" என்று அடுத்த வளவுப் பெரியவர் வேலிக்கு மேலால் சொன்னார். நானும் மறுயோசனையின்றிக் குசினியிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நல்லவேளையாக, சரிந்து கிடந்த மூடியின் இடுக்கில் வெயில் விழுந்திருந்தது. சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளியில், புத்தகத் தாள்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஆறு மெழுகு அடைகள் தொங்குவது தெரிந்தது. குளவி மெழுகால் கூடு கட்டுவதில்லை. போத்தலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

இந்தப் பெயர்க் குழப்பம் எங்கள் வளவுக்கு மட்டும் உரியதன்று. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரைத் தேனீக் கூட்டம் கொட்டினாலும் செய்தியில் அது பெரும்பாலும் "குளவிக் கொட்டு" என்றே வருகிறது. சீகிரியாவில் பாறையிலிருந்து தொங்குவன பெருந்தேனீக்களே ஆயினும், அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகள் அவற்றைக் குளவி என்றே சொல்கின்றன. பெயர் மாறினால் செய்ய வேண்டிய காரியமும் மாறிவிடும் என்பதால், இந்த வழிகாட்டியின் முதல் இரண்டு படிகளையும் அடையாளம் காண்பதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதற்படி: விலகி நின்று பார்த்தல்

கூட்டைக் கண்டவுடன் சிறுவர்களையும் முதியவர்களையும் உள்ளே அனுப்பி, கட்டி வைத்திருக்கும் நாயையும் ஆட்டையும் அவிழ்த்து அப்பால் கொண்டுபோய்விட வேண்டும். தேனீத் தாக்குதலில் கட்டப்பட்ட விலங்குக்குத் தப்ப வழியே இராது. அதன்பின் குறைந்தது பத்து மீற்றர் தள்ளி, தேனீக்கள் பறந்து வரும் பாதைக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பொறுமையாகக் கவனியுங்கள். பெரிய கூடாக இருந்தால் இந்தத் தூரம் போதாது; வீட்டுக்குள்ளிருந்து யன்னலைச் சாத்திக்கொண்டு, கைத்தொலைபேசிக் கமராவைப் பெருக்கிப் பார்ப்பதே உத்தமம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பூச்சிகள் ஓர் ஓட்டைக்குள் போய் வருகின்றனவா, வெளியே தொங்கும் அடையில் அமர்ந்திருக்கின்றனவா என்பது ஒன்று. பின்னங்கால்களில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிற மகரந்த உருண்டைகளைச் சுமந்து வருகின்றனவா என்பது மற்றொன்று; சுமந்து வந்தால் அங்கே குடம்பிகள் வளர்கின்றன, அது நிலையான குடியிருப்பு என்று கொள்ளலாம். மூன்றாவது, அடையே இல்லாமல் வெறும் பூச்சிகள் மட்டும் கொத்தாகத் தொங்குகின்றனவா என்பது.

மூன்றாவதைக் கண்டால் கவலைப்பட ஏதுமில்லை. பழைய கூட்டிலிருந்து இராணியோடு பிரிந்து வந்த திரள் அது. புதிய இடம் தேடும் வழியில் மாமரக் கிளையிலோ கேற்றிலோ இளைப்பாறுகிறது. வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டு வந்திருப்பதாலும், காக்க வேண்டிய குஞ்சோ தேனோ இல்லாததாலும், அது சாதாரணமாகக் கொட்டாது. சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு மூன்று நாளில், தானாகவே எழுந்து போய்விடும். அதுவரை அந்தக் கேற்றைப் பாவிக்காமல் இருந்தால் போதும்.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான வறட்சியில் இன்னொரு மயக்கமும் ஏற்படும். கிணற்றுக் கட்டிலும் ஒழுகும் குழாயடியிலும் தேனீக்கள் கூட்டமாக மொய்ப்பதைக் கண்டு, பக்கத்தில் கூடு இருப்பதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். அவை குடிக்கவும் கூட்டைக் குளிர்விக்கவும் தண்ணீர் கொண்டுபோக வந்தவை. ஒழுக்கைத் திருத்தி, வளவின் கோடியில் ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்து, கால் ஊன்றி நிற்கத் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளை மிதக்கவிட்டால், சில நாட்களில் அங்கே இடம் மாறிவிடும்.

இரண்டாம் படி: வந்திருப்பது யார்?

பெட்டிகளிலும் மரப் பொந்துகளிலும் சுவரின் வெற்றிடங்களிலும் குடியேறுவது பொந்துத் தேனீ. தேனீப் பெட்டிகளில் வளர்க்கப்படுவதும் இதுவே. உடல் கபில நிறம், வயிற்றில் கறுப்பு வரிகள், நீளம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இருட்டான இடத்தில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சீலிங், உடைந்த ஒலிபெருக்கிப் பெட்டி, கவிழ்த்து வைத்த பீப்பாய், மின்மானிப் பெட்டி என்று எதையும் விடாது. கூட்டை அசைத்தாலன்றி அதிகம் கோபிக்காது.

உள்ளங்கை அளவில் ஒற்றை அடையைக் கிளையைச் சுற்றிக் கட்டுவது கொம்புத் தேனீ. செவ்வரத்தைச் செடி, எலுமிச்சை, கிளிசரியா வேலி ஆகியவற்றின் மறைவில் காணலாம். கிளையின் இரு பக்கமும் எறும்பு ஏறாதபடி பிசின் பூசி வைத்திருக்கும். கொப்பு வெட்டும்போது கையில் ஒட்டும் அந்தப் பிசினைக் கண்டே பலர் கூடு இருப்பதை உணர்கிறார்கள். உருவத்தில் மிகச் சிறியது, கொட்டினாலும் வலி குறைவு.

கதவு நிலையிலோ சுவர் வெடிப்பிலோ அரக்கு நிறத்தில் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்து, நுளம்பளவுக் கறுப்புப் பூச்சிகள் போய் வந்தால் அது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கே பயன்படாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. அதை விட்டுவிடுங்கள், வேறு பேச்சில்லை. கூரை வளையிலும் கைமரத்திலும் விரல் தடிப்பில் வட்டத் துளை போடும் பெரிய கறுப்பு வண்டும் ஒரு வகைத் தேனீயே. அது தனித்து வாழ்வது, கூட்டமாகத் தாக்காது. மரத்துக்கு வர்ணம் பூசி வைத்தால் வேறிடம் பார்க்கும்.

இனி அஞ்ச வேண்டிய இரண்டைப் பார்க்கலாம். சிங்களத்தில் பம்பரா எனப்படும் பெருந்தேனீ ஒற்றை அடையைத்தான் கட்டும். ஆனால் அந்த அடை ஒரு மீற்றர் அகலத்துக்கும் வளரும். உயரமான மரக்கிளை, தண்ணீர்த் தாங்கியின் அடிப்புறம், மாடிக் கட்டடத்தின் கூரை விளிம்பு, பாறைச் சரிவு ஆகியவை அதற்குப் பிடித்தவை. அடையின் மேற்பரப்பை முழுதாக மூடியபடி தேனீக்கள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கும். பறவையோ குளவியோ கிட்ட வந்தால், வயல் நெற்கதிரில் காற்று ஓடுவதைப் போல அவற்றின் மேல் ஓர் அலை பரவுவதைக் காணலாம். அந்த அலையைக் கண்டால் நீங்களும் கிட்ட வந்துவிட்டீர்கள் என்பது பொருள். கோபித்துவிட்டால் பல நூறு மீற்றர் தூரம் துரத்தும். நிலவுள்ள இரவிலும் இரை தேடப் பறக்கும் இயல்புள்ளது என்பதால், "இருட்டின பிறகு பயமில்லை" என்ற கணக்கு இதனிடம் செல்லாது.

மற்றது உண்மையான குளவி. சிங்களத்தில் தெபரா என்பார்கள். உடல் கறுப்பு, வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டி. மரநாரை மென்று செய்த கடதாசி போன்ற பொருளால், சாம்பல் கலந்த கபில நிறத்தில், காற்பந்து போலக் கூடு கட்டி ஒரே ஒரு வாசல் வைத்திருக்கும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலில் சிக்கி அறுந்துவிடும்; தேனீயும் இறந்துவிடும். குளவியோ ஒரே பூச்சியே பலமுறை கொட்டும்.

மூன்றாம் படி: என்ன செய்வது என்று தீர்மானித்தல்

கொம்புத் தேனீ நடைபாதையில் இல்லாவிட்டால் அப்படியே விடலாம். குழப்பம் ஏற்பட்டாலும் பூக்கள் குறைந்தாலும் அது தானாகவே போய்விடும். பொந்துத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றலாம். பெருந்தேனீயைக் கலைக்க வீட்டுக்காரர் ஒருபோதும் முயலக்கூடாது. அது பூக்காலத்தைத் தொடர்ந்து ஊர் ஊராக இடம்பெயரும் இனம். சில மாதம் இருந்துவிட்டுத் தானே கிளம்பும். பள்ளிக்கூடம், கோயில், வைத்தியசாலை போன்ற சனம் கூடும் இடமாயின் கிராம உத்தியோகத்தரிடம் அறிவித்து, உரிய பகுதியினர் மூலமும் அனுபவமுள்ள தேன் எடுப்போர் மூலமும் அகற்றுவதே முறை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம். குளவிக் கூடு ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் அகற்றத்தான் வேண்டும், ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு உடையுள்ளவரின் வேலை.

மண்ணெண்ணெயும் தீப்பந்தமும் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கிடுகுக் கூரையும் பனையோலை வேலியும் உள்ள வளவில், கச்சான் அடிக்கும் நாளில், ஒரு பொறி போதும். பூச்சிகொல்லி தெளிப்பது பார்வைக்குச் சுலபமாகத் தோன்றினாலும், சுவருக்குள் இருக்கும் கூட்டில் அது இன்னொரு தொல்லையைத் தொடக்கிவைக்கும். தேனீக்கள்தான் சிறகடித்து அடையைக் குளிர வைத்திருந்தவை. அவை செத்ததும் மெழுகு வெயிலில் இளகித் தேன் சுவர் வழியே வடியும், குடம்பிகள் அழுகும், எறும்பும் கரப்பானும் எலியும் வரும். அந்த நஞ்சுத் தேனைக் கொள்ளையடிக்க வேறு கூட்டுத் தேனீக்களும் வந்து சாகும். சுவரை உடைத்துக் கழுவும் செலவு, கூட்டை மாற்றும் செலவைவிடக் கூடுதல்.

முடிவு எடுக்கும் வரையான இடைக்காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் புல்வெட்டி, மரவாள் போன்ற இயந்திரங்களை ஓட்டாதீர்கள். குப்பை கொளுத்தும் புகை அந்தப் பக்கம் போகாமல் பாருங்கள். திருவிழாக் காலத்தில் சீனவெடி கொளுத்துவதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவில் கூட்டுக்கு எதிரே எரியும் வெளிவிளக்கை அணைத்து விடுங்கள். பெருந்தேனீ வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும். கல்லெறியும் பையன்களை ஏசிக் கட்டுப்படுத்தலாம். தேன் பருந்தை யாரும் கட்டுப்படுத்த முடியாது. அது அடையைக் கொத்திவிட்டுப் பறந்துவிடும், கோபம் கீழே போகிறவர் தலையில் விடியும். ஆகவே கூட்டுக்கு நேர்கீழே உள்ள பாதையை மறித்து வைப்பது நல்லது.

நான்காம் படி: கொட்டினால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே அறிந்திருத்தல்

தேனீயை மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் வீட்டிலுள்ள எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தாக்குதல் தொடங்கினால் நின்று கைவீசக்கூடாது. சட்டையை இழுத்து முகத்தை மூடி, கண் தெரியும் அளவு விட்டு, நேராக ஓடி மூடிய அறைக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். பத்துப் பன்னிரண்டு தேனீ உள்ளே வந்தாலும் வெளியே இருப்பதைவிட அது மேல். கிணற்றிலோ கடலிலோ குதிப்பது தீர்வன்று; தலையை வெளியே எடுக்கும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும். சனம் நிற்கும் பக்கம் ஓடினால் அவர்களையும் சேர்த்துக் கொட்டும். ஒரு தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் போன்ற ஒரு வாசனை எழும். மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கும் அறிவிப்பு அது. நசுக்கினால் அந்த வாசம் கூடும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கொடுக்குகளை உடனே எடுக்க வேண்டும். அறுந்த கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நச்சுப்பை, தேனீ போன பின்னும் தானாகத் துடித்து நஞ்சை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் கிள்ளுவதா, அட்டையால் வழிப்பதா என்று யோசிக்கும் நேரத்தில் கையால் பிடுங்கிவிடலாம். முறையைவிட வேகமே முக்கியம். பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அது நஞ்சை முறிப்பதில்லை, தோலைத்தான் புண்ணாக்கும்.

கொட்டிய இடம் மட்டும் வீங்கிச் சிவப்பது இயல்பானது. ஆனால் கொட்டாத இடங்களில் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், குரல் அடைத்தல், மூச்சு இழுத்தல், வாந்தி, தலைச்சுற்று, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது கடும் ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டிலும் சில நிமிடங்களில் வரக்கூடும். உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடவேண்டாம். இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே. வீட்டில் இருக்கும் பிரிற்றன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்புக்கு உதவும், உயிரைக் காக்க அதை நம்பியிருக்கக் கூடாது. ஊசி போட்டுச் சுகமானாலும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் மீண்டும் வரக்கூடும் என்பதால் வைத்தியசாலையிலேயே தங்கவேண்டும்.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் எண்ணிக்கை ஆபத்தானது. பெரியவருக்கு ஏறத்தாழ 50 கொட்டுக்கு மேல், சிறுவருக்கு உடல் நிறையின் கிலோவுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் இருந்தால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தசைகளும் இரத்தக் கலங்களும் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவது மறுநாளும் வெளிப்படலாம். சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் இறங்குவது அதன் அறிகுறி. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் எண்ணிக்கையே பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: பொந்துத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றுதல்

எங்கள் மானிப் பெட்டிக்குப் பன்குளம் பக்கத்திலிருந்து தேனீ வளர்க்கும் ஒருவரை அழைத்தோம். விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளையில், பிந்துனுவெவவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால், அந்தப் பகுதியில் தேனீ வளர்ப்போரை அறியலாம். முதன்முறை தனியாகச் செய்யாதீர்கள். கூட நின்று பாருங்கள். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவர் பின்னேரம் ஐந்து மணியளவில், வெயில் தணிந்த பிறகே கைவைத்தார். வெளிர் நிற நீளக்கைச் சட்டை, நுனியைக் காலுறைக்குள் செருகிய காற்சட்டை, சப்பாத்து, அகன்ற தொப்பிக்கு மேல் நுளம்பு வலை. கறுப்பு ரீசேட்டோடு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "வேற உடுப்பு போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். நான் சோம்பலில் அசட்டை செய்தேன். அன்று கொட்டு வாங்கியது நான் ஒருவன்தான், காதில். கடும் நிறமும் தலைமயிரும் வாசனைத் தைலமும் தேனீக்கு எரிச்சலூட்டுபவை.

தகரக் குவளையில் பொச்சைப் புகையவிட்டு, வாசலில் மூன்று நான்கு தடவை மெதுவாக ஊதினார். புகை பட்டதும் தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளப் போகும். அபாய வாசனையும் புகையில் மறைந்துவிடும். கையில் சுடாத, குளிர்ந்த வெண்புகையாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து, அடைகள் மூடியிலேயே ஒட்டியிருக்கின்றனவா என்று இடுக்கில் பார்த்தபின், மூடியைச் சரிக்காமல் கிடையாகத் தூக்கிக் கவனமாக இரண்டு செங்கல்லின் மேல் வைத்தார்.

அடைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்தெடுத்தார். மேற்பகுதியில் வெண்மையாக மூடியிருப்பது தேன். நடுவில் கபில நிறமாய் மங்கலாக மூடியிருப்பது குஞ்சு. தேன் பகுதியை வெட்டி வாளியில் போட்டு மூடிவிட்டு, குஞ்சு அடையை மட்டும் பெட்டியின் சட்டத்தில், மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி, நனைத்த வாழைநாரால் கட்டினார். அடையைத் தலைகீழாகக் கட்டுவதும் வெயிலில் காயவிடுவதும் குஞ்சுகளைக் கொன்றுவிடும். குஞ்சு இல்லாத பெட்டியில் தேனீ தங்காது.

நான்காவது அடையில் இராணி தென்பட்டது. மற்றவற்றைவிட நீண்ட, கருமை கூடிய வயிறு, அதற்குக் குட்டையாகத் தோன்றும் சிறகு. அந்த அடையோடு அதைப் பெட்டிக்குள் வைத்ததும், வாசலில் நின்ற தேனீக்கள் பின்பக்கத்தை உயர்த்திச் சிறகடிக்கத் தொடங்கின. வழிதவறியவற்றை "இங்கே வா" என்று அழைக்கும் வாசனையை அப்படித்தான் பரப்புகின்றன. எஞ்சியவை வரிசையாக உள்ளே நடந்து போயின. இருட்டும்வரை பெட்டியை அதே இடத்தில் விட்டு, வெளியே போனவையும் வந்தடைந்த பின் வாசலைக் கம்பி வலையால் அடைத்து, இரவிலேயே கொண்டுபோனார். இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். அதே வளவில் நாலு முழம் தள்ளி வைத்தால் மறுநாள் இரை தேடப் போனவை பழைய இடத்துக்கே திரும்பிவந்து திரளும். புதிய இடத்தில் பெட்டிக் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தி, சம அளவு சீனியும் தண்ணீரும் கலந்த பாகைச் சில நாள் கொடுப்பார்கள். பொந்துத் தேனீ சின்னக் காரணத்துக்கும் கோபித்துக்கொண்டு ஓடிவிடும் இனம்.

சுவருக்குள் இருக்கும் கூட்டுக்கும் முறை இதுவே, சுவரை உடைப்பவர் ஒருவர் கூடுதலாகத் தேவை. மின்மானிப் பெட்டியாயின் மின்சாரப் பகுதியினர் வந்து இணைப்பை நிறுத்தாமல் எவரும் தொடக்கூடாது.

ஆறாம் படி: இடத்தை அடைத்தல்

கூடு போன இடத்தில் மெழுகு வாசம் தங்கியிருக்கும். அடுத்த திரள் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வரும். பெருந்தேனீயும் பல ஆண்டுகள் அதே கிளைக்குத் திரும்பும் வழக்கமுள்ளது. ஆகவே மெழுகைத் தகட்டால் சுரண்டி, கொதிநீரும் சவர்க்காரமும் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெடிப்புகளைச் சீமெந்தாலும், காற்றுப் போகவேண்டிய துவாரங்களைக் கம்பி வலையாலும் அடைக்க வேண்டும். வலையின் கண் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. உள்ளே தேனீ இருக்கும்போது வாசலை அடைப்பது மிகப் பெரிய தவறு, அவை வீட்டின் உட்பக்கமாக வழி தேடும். பாவிக்காத பீப்பாய்களையும் பெட்டிகளையும் வாய் மேலாக நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். உள்ளே எடுத்து வைப்பதே நல்லது.

எங்கள் மானிப் பெட்டியின் பக்கத் துவாரத்துக்கு வலை பொருத்திய பிறகும், இரண்டு கிழமையாக நாலைந்து தேனீக்கள் வந்து மூடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு வரவில்லை. மானி வாசிப்பவர் மட்டும் இன்றும் மாதந்தோறும் ஒரு நீளத் தடியோடுதான் வருகிறார். மதிலுக்கு அப்பால் நின்று மூடியை மூன்று தரம் தட்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகே கிட்ட வருகிறார்.